தணிக்கைப் பணித்தாள்: ஆதாரத்துக்கு எண் போடுவது முதல் கோப்பை மூடுவது வரை

"37ஆம் பக்கம்னு எழுதியிருக்கே, எந்த எம்-புக்குப்பா?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் தணிக்கைப் பத்தி (அறிக்கையில் ஒரு குறையைச் சொல்லும் பகுதி) எழுதிய பையன் செல்போனை எடுத்துப் படங்களைத் தள்ள ஆரம்பிப்பான். பத்து நிமிடம் தள்ளுவான். பக்கம் கிடைக்கும், அட்டை கிடைக்காது. நாங்கள் உட்கார்ந்திருப்பது கிருஷ்ணகிரியில். அந்த எம்-புக், அதாவது செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம், இருப்பது அஞ்செட்டி மலைப் பக்கத்து ஊராட்சி ஒன்றில். தணிக்கை முடிந்து வாரம் இரண்டு ஆகியிருக்கும்.

நானும் அப்படி ஒரு பத்தியைத் தொலைத்தவன்தான். ஒரே ஆண்டில் ஒரே அலுவலகத்தில் இரண்டு எம்-புக் ஓடியதை நான் கவனிக்கவில்லை. தணிக்கைத் தடைகளைப் பேசித் தீர்க்கும் கூட்டமர்வில் அந்த அலுவலகத்தார் இன்னொரு எம்-புக்கின் 37ஆம் பக்கத்தைத் திறந்து வைத்து, "இதில் அந்த வேலையே இல்லையே சார்" என்றார்கள். தவறு நடந்தது உண்மை, ஆனால் அதைக் காட்ட என்னிடம் தாள் இல்லை. தடை நீங்கியது.

அதிலிருந்து என் வரிசை ஒன்றே: எண் முதலில், கருத்து பிறகு. ஆதாரம் மேசைக்கு வந்த நிமிடத்தில் எண் விழ வேண்டும். பத்தி எழுதும்போது எண் தேடக் கூடாது. கீழே ஊராட்சிக் கணக்கை வைத்துச் சொல்கிறேன். பள்ளி, மருத்துவமனை, பேரூராட்சி எதற்குப் போனாலும் வரிசை மாறாது.

1. கிளம்பும் முன்

முந்தைய தணிக்கை அறிக்கை, அதில் நிலுவையில் உள்ள பத்திகள், அவற்றுக்கு வந்த பதில்கள் மூன்றையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். படிக்காமல் போனால் ஏற்கெனவே பதில் வந்து முடிந்த ஒன்றையே மறுபடி எழுப்பி, முதல் நாளே மரியாதையைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

கிராம ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்குகள் உண்டு. முதலாவது பொது நிதி, இரண்டாவது மின் கட்டணமும் குடிநீர் வாரியத்துக்கான தொகையும், மூன்றாவது திட்ட நிதி. மூன்றுக்கும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான வங்கி அறிக்கை தனித்தனியே வேண்டும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் தற்காலிகமாக நகர்ந்திருந்தால், ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு பார்ப்பவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. நில ஒப்படைப்பு, பழைய கடைக் குத்தகை என்று விஷயம் போனால், அதற்கு முந்தைய கோப்பு தர்மபுரிப் பதிவறையில் இருக்கவும் வாய்ப்புண்டு. கோப்பு காணாமல் போவது வேறு, பழைய மாவட்டத் தலைநகரிலேயே தங்கிவிடுவது வேறு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் "கோப்பு முன்வைக்கப்படவில்லை" என்று பத்தி எழுதிவிடாதீர்கள்.

பையில் 30 மீட்டர் டேப், கால்குலேட்டர், டேக் கட்டு, வெற்று அட்டவணைத் தாள்கள், "அசலுடன் ஒப்பிடப்பட்டது" என்ற ரப்பர் ஸ்டாம்பு. ஸ்டாம்பு இல்லாவிட்டால் அந்த வரியை நூறு தடவை கையால் எழுத வேண்டும். நாற்பதாவதில் கை நின்றுவிடும்.

2. எண் அமைப்பை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

முதலில் அ, ஆ, இ, ஈ என்று எழுத்துகளில்தான் போட்டுப் பார்த்தேன். அவசரக் கையெழுத்தில் இ எது, ஈ எது என்று எனக்கே தெரியவில்லை. நூறு நூறாக எண்களுக்கு மாறினேன். 100 திட்டமிடலும் அனுமதிக் கடிதமும். 200 பதிவேடு கேட்ட கடிதங்கள். 300 வரவு. 400 செலவும் பணிகளும். 500 இருப்பும் சொத்தும். 600 வினாவும் (அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கும் தணிக்கைக் கேள்வி) பதிலும்.

ஒவ்வொரு பணித்தாளுக்கும் (ஒரு சோதனையில் செய்ததையும் கண்டதையும் எழுதும் தாள்) பத்து எண் இடைவெளி விடுங்கள்: 410, 420, 430. நடுவில் ஒரு தாள் புதிதாக வந்தால் 415 என்று நுழையும், மற்றவை அசையாது. அந்தத் தாளுக்கான ஆதாரங்கள் 410/1, 410/2 என்று அதன் பின்னாலேயே வரும்.

புதியவர்கள் செய்வது, கோப்பு முழுக்க 1 முதல் 280 வரை வரிசையாகப் பக்க எண் போடுவது. பார்க்க அழகாக இருக்கும். கடைசி நாளில் ஒரு பதில் கடிதம் வந்து 94-க்கும் 95-க்கும் நடுவே போக வேண்டியதானால் 94அ, 94ஆ என்று ஒட்டுப்போட ஆரம்பித்து, எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் குலைந்துவிடும்.

மத்தியத் தணிக்கைத் துறைக் குழுவில் இருப்பவர்களுக்கு ஓ.ஐ.ஓ.எஸ். கணினி அமைப்பு உண்டு. அங்கே ஏற்றிய ஆவணத்தின் அடையாளத்தைக் கைத்தாளிலும் எழுதி வையுங்கள். மலைக் கிராமத்தில் நெட்வொர்க் வரும் வரை காத்திருக்க முடியாது.

3. கேட்பதை எழுதிக் கேளுங்கள்

என்ன பதிவேடு, எந்த ஆண்டு, எந்த நாளுக்குள் என்று எழுதி, எண் போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். "எல்லாப் பதிவேடுகளும்" என்று கேட்டால் எதுவும் வராது. வந்தாலும் எது வரவில்லை என்று உங்களால் சொல்ல முடியாது.

பதிவேடு தரப்படவில்லை என்பதே சில சமயம் முக்கியமான கண்டுபிடிப்பு. வாயால் கேட்டிருந்தால் அதை நிறுவ வழியில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ் வேலை செய்பவர்களுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு பதிவேடுகளைக் கேட்கும் அதிகாரம் தருகிறது. ஆனால் கேட்ட கடிதம் கோப்பில் இல்லாவிட்டால் பிரிவு எண்ணை மட்டும் சொல்லி என்ன பயன்?

கேட்ட நாள், வந்த நாள் என்ற இரண்டு கட்டங்களோடு திருப்பித் தந்த நாள் என்று மூன்றாவது கட்டமும் போடுங்கள். நான்கு மாதம் கழித்து "அந்த ரசீதுப் புத்தகம் ஆடிட்டில்தான் இருக்கு" என்று ஊராட்சி செயலர் சொன்னால் அந்தக் கட்டம் உங்களைக் காப்பாற்றும்.

4. ஆதாரம் கைக்கு வந்தவுடன்

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். நகல் எடுத்த உடனே, அடுத்த தாளைத் தொடும் முன்பே, நகலின் மேல் வலது மூலையில் எண் போடுங்கள். கீழே ஒரு வரியில் ஐந்து விவரம்: எந்தப் பதிவேட்டின் எத்தனையாவது தொகுதி, எந்தப் பக்கம், அசல் யார் பொறுப்பில் உள்ளது, யார் எடுத்துத் தந்தார், எந்த நாள். கோப்பிலிருந்து எடுத்ததானால் ந.க. எண் என்னும் கோப்பு எண்ணும், குறிப்புப் பக்கமா கடிதப் பக்கமா என்பதும் சேர வேண்டும். என் 37ஆம் பக்கத்தில் இல்லாமல் போனது அந்த "எத்தனையாவது தொகுதி" மட்டும்தான்.

அசலில் நம் எண்ணை எழுதக் கூடாது. அது அவர்களுடைய ஆவணம். செலவுச் சீட்டில் டிக் போடும் பழக்கம் வேறு. நம் கோப்பு எண்ணை அவர்கள் பதிவேட்டில் எழுதுவது வேறு.

நகலுக்குச் சான்றொப்பம் வாங்குங்கள். பெயர், பதவி, நாள் மூன்றும் இருக்க வேண்டும். வெறும் சுழிப்பு போதாது. முதல் தாளில் மட்டும் வாங்கிவிட்டு மற்ற ஒன்பது தாளை விட்டுவிடுவது நான் அதிகம் பார்க்கும் பிழை. பத்தி ஒன்பதாவது தாளை நம்பித்தான் நிற்கும்.

நமக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். எம்-புக் என்றால் எண் தெரியும் அட்டை, அளவு பதிந்த பக்கம், மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்திட்ட இடம், அந்த வேலைக்கான அடுத்த பில் வரைக்கும் வேண்டும். கூடுதலாகக் கொடுத்ததை அடுத்த பில்லிலேயே கழித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் எழுதிய பத்தி முதல் பதிலிலேயே விழும்.

எந்த ஆதாரம் எவ்வளவு தாங்கும் என்பதையும் அப்போதே எடை போடுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்காக வாரியத்துக்குத் தொகை கட்டியதாக ரொக்கப் பதிவேடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவேடு அவர்களே எழுதியது. வாரியத்தின் கேட்புப் பட்டியல் வெளியிலிருந்து வந்தது, அதைவிடப் பலமானது. வாரியம் தந்த ரசீதும், இரண்டாம் கணக்கின் வங்கி அறிக்கையில் அதே தொகை போன தேதியும் சேர்ந்தால் அசைக்க முடியாது. அதிலும் வங்கி அறிக்கையை வங்கியிடமிருந்தே நேரடியாகப் பெறுவது நல்லது. ஊராட்சி தரும் பாஸ்புக் ஜெராக்ஸில் எந்தப் பக்கம் விடுபட்டது என்று நமக்குத் தெரியாது.

நகலின் மேல் கண்ணை ஓட்டிவிட்டு எண் போட்டுக் கட்டிவிடாதீர்கள். ஓசூர்க் கடையின் தலைப்போடு ஒரு பில். ஜி.எஸ்.டி. எண் 29 என்று தொடங்கினால் அது கர்நாடகப் பதிவு. தமிழ்நாட்டுப் பதிவு 33-இல் தொடங்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர் இங்கே விற்பது குற்றமில்லை. ஆனால் அப்படி விற்றால் பில்லில் மாநிலங்களுக்கு இடையிலான ஐ.ஜி.எஸ்.டி. இருக்க வேண்டும். மாநில வரி போட்டிருந்தால் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அதை நகலின் ஓரத்தில் அல்ல, பணித்தாளில் எழுதுங்கள். ஓரக் குறிப்பு அடுத்த ஜெராக்ஸில் மங்கிவிடும்.

5. பணித்தாளை எழுதும் முறை

ஒரு சோதனைக்கு ஒரு தாள். ஒரே தாளில் சிமெண்ட் சாலையையும் தெருவிளக்கையும் கலந்தால் எந்த முடிவு எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்று பிரிக்க முடியாது. மாதிரி ஒன்று தருகிறேன், எண்கள் கற்பனை.

பணித்தாள் 410
நோக்கம்: சிமெண்ட் சாலைக்குக் கொடுத்த தொகை, போட்ட அளவுக்கு உரியதா என்று பார்த்தல்.
ஆதாரம்: எம்-புக் அட்டையும் பக்கம் 37-ம் (410/1, 410/2), செலவுச் சீட்டு (410/3), அடுத்த பில் (410/4), கூட்டுக் கள ஆய்வுக் குறிப்பு (410/5).
செய்தது: எம்-புக் அளவைக் களத்தில் அளந்த அளவோடு ஒப்பிட்டோம். நீளமும் அகலமும் அளந்தோம். கனத்தை அளக்கவில்லை, எம்-புக்கில் உள்ள 0.15 மீட்டரையே ஏற்றோம்.
கண்டது: பதிவில் 120 × 3 × 0.15 = 54 கன மீட்டர். களத்தில் 112 × 3 × 0.15 = 50.4 கன மீட்டர். வேறுபாடு 3.6 கன மீட்டர். கன மீட்டருக்கு ரூ.6,500 வீதம் ரூ.23,400. அடுத்த பில்லில் கழிவு இல்லை.
முடிவு: ரூ.23,400 கூடுதலாகக் கொடுக்கப்பட்டதாகத் தெரிகிறது. வினா 604.
தயாரித்தவர், நாள். சரிபார்த்தவர், நாள்.

"கனத்தை அளக்கவில்லை" என்ற வரியை எழுதப் புதியவர்கள் கூச்சப்படுவார்கள், நம் குறையை நாமே ஒப்புக்கொள்வது போலத் தோன்றும். ஆனால் கனத்தை டேப்பால் அளக்க முடியாது, துளையிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். செய்யாததைச் செய்யவில்லை என்று எழுதியவரின் மற்ற அளவுகளை நம்புவார்கள். எழுதாமல் விட்டால் பொறியாளர் கூட்டமர்வில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.

"சரிபார்க்கப்பட்டது, சரி" என்று மட்டும் எழுதிய தாளை நான் கிழித்துத்தான் போடுவேன். எத்தனையில் எத்தனை பார்த்தீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வேண்டும். "212 செலவுச் சீட்டுகளில் ரூ.50,000-க்கு மேற்பட்ட 31-ஐயும் முழுதாகப் பார்த்தோம்; மற்றவற்றில் ஒவ்வொரு மாதத்துக்கும் முதல் இரண்டு." இப்படி எழுதினால் குறை எதுவும் கிடைக்காத தாளும் உபயோகமான தாளே. அடுத்த ஆண்டு வருபவர் மிச்சத்திலிருந்து தொடங்கலாம்.

திருத்தம் வந்தால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், நாள். பழைய எண் தெரிய வேண்டும். மறைத்தால் என்ன மறைத்தோம் என்ற சந்தேகம் நம் மேலேயே திரும்பும்.

6. போகவும் வரவும் குறிப்பு

பணித்தாள் 410-இல் "வினா 604" என்று எழுதினால், வினா 604-இன் நகலில் "பணித்தாள் 410" என்று இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதுவதுதான் வழக்கமாக நடப்பது. பத்தியைப் படிப்பவர் ஆதாரத்துக்குப் போக வேண்டும். ஆதாரத்தை எடுத்தவர் அது எந்தப் பத்தியில் முடிந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வழி இல்லாவிட்டால், எடுத்து வைத்துவிட்டுப் பயன்படுத்த மறந்த ஆதாரங்கள் தெரியவே தெரியாது.

தொகைக்கும் இதே விதி. ரூ.23,400 சுருக்கத் தாளுக்குப் போனால் இடப்பக்கம் எங்கிருந்து வந்தது, வலப்பக்கம் எங்கே போகிறது என்று இரண்டு எண்ணும் இருக்கட்டும். தொகை மாறினால் எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும் என்று அந்த எண்களே சொல்லும்.

7. களத்துக்குப் போனால்

தனியாகப் போய் அளக்காதீர்கள். ஓவர்சீயரோ பொறியாளரோ, ஊராட்சி செயலரோ உடன் வரட்டும். அளக்கும்போதே குறிப்பு எழுதி, அதே இடத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அலுவலகத்துக்குத் திரும்பி வாங்கிக்கொள்ளலாம் என்றால் டீ குடிக்கும் நேரத்தில் மனசு மாறிவிடும்.

எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள் என்பதே உயிர். "மாரியம்மன் கோயில் கைப்பம்பு முதல் அங்கன்வாடி மதில் மூலை வரை" என்று அசையாத அடையாளம் கொடுங்கள். "ஊர்த் தெரு" என்று எழுதினால், நீங்கள் பாதியிலிருந்து அளந்தீர்கள் என்று சொல்ல இடம் கொடுத்ததாகும்.

படம் எடுத்தால் அந்த அடையாளமும் சாலையும் ஒரே சட்டத்தில் விழட்டும். வெறும் சிமெண்ட் தரையின் படம் எந்த ஊர்ச் சாலைக்கும் பொருந்தும். எடுத்த அன்றே கணினிக்கு மாற்றி, கோப்புப் பெயராக 410/6 என்ற எண்ணையே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து போய்விடும். அசல் கோப்பையே கேபிள் போட்டு மாற்றுங்கள்.

சித்தேரி, வத்தல்மலை மாதிரி இடங்களில் ஒரு நாளில் ஒரு தடவைதான் போய்வர முடியும். ஆகவே மலை ஏறும் முன்பே எம்-புக் பக்கங்களின் நகல் எண் போட்டுக் கையில் இருக்க வேண்டும். மேலே போய் நின்றுகொண்டு எதை அளப்பது என்று யோசிக்கக் கூடாது.

8. கணினித் திரையில் கண்டது

வருகைப் பட்டியல், கருவூலப் பட்டியல் எல்லாம் இப்போது திரையில்தான். திரைப் படம் எடுத்தால் முகவரி வரியும் நாளும் நேரமும் தெரிய எடுங்கள். பக்கத்தைப் பாதி வெட்டி எடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று நிறுவ முடியாது. நாளைக்கு அதே பக்கத்தில் எண் மாறியிருக்கலாம். யாருடைய பயனர் பெயரில் நுழைந்து, எந்த வடிகட்டிகளைப் போட்டு இறக்கினீர்கள் என்றும் குறியுங்கள். இறக்கிய மூலக் கோப்பை அப்படியே ஒரு நகல் தனியே வைத்துவிட்டு, கணக்குப் போடுவதை இன்னொரு நகலில் செய்யுங்கள்.

கையாடல் மாதிரித் தெரிந்து, விஷயம் காவல்துறை வரை போகக்கூடும் என்றால் இன்னும் ஒரு படி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) வர வேண்டும். கணினி யார் பொறுப்பிலோ அவரிடம் அதைத் தரவு பெறும்போதே கேளுங்கள். அவர் மாற்றலாகிப் போன பிறகு தேடுவது பெரும்பாடு.

9. வாயால் சொன்னது

தனியாக நின்றால் பலமில்லாதது, ஆனால் விட்டுவிடக் கூடாதது. யார், எப்போது, யார் முன்னால் சொன்னார் என்று எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தளி, கெலமங்கலம் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்வார்கள். எந்த மொழியில் சொன்னார், யார் மொழிபெயர்த்தார், தமிழில் எழுதியதை அவர் மொழியில் திருப்பிச் சொன்னோமா என்பது குறிப்பில் இருக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் தணிக்கைக்கு உட்பட்ட அலுவலகத்து ஆளாக இருந்தால் அதையும் எழுதுங்கள். முடிந்தால் வேறு ஆளைப் பிடியுங்கள்.

10. வினாவிலிருந்து பத்தி வரை

வினாவில் நான்கு விஷயம் வேண்டும்: விதி என்ன சொல்கிறது, நடந்தது என்ன, ஏன் நடந்தது, அதனால் என்ன நஷ்டம். நான்குக்கும் எதிரே ஓரத்தில் ஆதார எண் எழுதிப் பாருங்கள். எண் எழுத முடியாத வரி உங்கள் ஊகம். பெரும்பாலும் "ஏன் நடந்தது" என்ற இடத்தில்தான் ஓரம் காலியாக இருக்கும். அங்கே ஊகத்தை எழுதுவதைவிட அலுவலகத்தையே காரணம் கேளுங்கள்.

விதியும் ஆதாரம்தான். ஒப்பந்தப்புள்ளி பற்றி எழுதினால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, விதிகள் 2000 என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த விதி என்று எழுதி, அந்தப் பக்கத்தின் நகலைக் கோப்பில் வையுங்கள். அரசாணை என்றால் வேலை நடந்த நாளில் அது நடைமுறையில் இருந்ததா, பிறகு திருத்தம் வந்ததா என்று பாருங்கள். பின்னால் வந்த ஆணையை வைத்து முன்னால் நடந்ததைக் குறை சொன்ன பத்திகளை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் வந்தால் அதற்கும் 600 வரிசையில் எண். பதில் நமக்குப் பாதகமாக இருந்தாலும் கோப்பில் இருக்க வேண்டும். அதை ஏன் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை என்று அதே பணித்தாளில் நாளோடு எழுதுங்கள். வினாவைக் கைவிட்டாலும் தாளைக் கிழிக்காதீர்கள். "அடுத்த பில்லில் கழிக்கப்பட்டது, 420/4, ஆகவே கைவிடப்பட்டது" என்ற ஒரு வரி போதும்.

11. கோப்பை மூடுதல்

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை, கிளம்பும் நாள் காலை அல்ல, அட்டவணையை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் தாள் இருக்கிறதா என்று கையால் புரட்டுங்கள். குறை தெரிந்தால் மறுநாள் காலை வாங்க நேரமிருக்கும். பதிவேடுகளைத் திருப்பித் தந்து மூன்றாவது கட்டத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

அறிக்கை போன பிறகு பணித்தாளில் எதையும் சேர்க்க வேண்டியிருந்தால், சேர்த்த நாளையும் காரணத்தையும் எழுதிச் சேருங்கள். பழைய தேதி போடாதீர்கள்.

கடைசியாக, உங்களோடு வராத ஒருவரிடம் கோப்பைக் கொடுங்கள். அனுபவம் உள்ளவராக இருக்கட்டும், அந்த ஊராட்சியைப் பற்றி எதுவும் தெரியாதவராக இருக்கட்டும். மூன்று பத்திகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அசல் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கோப்பை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்காதீர்கள். எதற்காக அவர் உங்களுக்குப் போன் செய்கிறாரோ, அந்தத் தாளில் அந்தத் தகவலை எழுதிவிட்டுக் கட்டுங்கள்.